‘கட்-ஆஃப் எவ்வளவு?’: கல்லூரியின் முதல் வாரமும் மாணவ வழிகாட்டியின் வேலையும்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் முதல் நாளில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். பெயர் என்ன, ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கட்-ஆஃப் எவ்வளவு. கேட்பவர் சிரித்த முகத்துடன்தான் கேட்கிறார். பெயரைத் தவிர்த்த மற்ற மூன்றும், தமிழகச் சூழலில், ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள் என்பதைக் கேட்பவர் சில நேரங்களில் அறிந்தும் பல நேரங்களில் அறியாமலும் இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் அதை எப்போதும் அறிந்திருக்கிறார்.

ஊரின் பெயரைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும்: “ஊருக்குள்ளேயா, காலனியா?” ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து நீங்கும் சொல் வாயிலிருந்து நீங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ. அப்பாவின் தொழில் பற்றிய கேள்வியை விளக்க வேண்டியதில்லை. கட்-ஆஃப் மட்டும் வெளியில் இருப்போருக்குச் சற்று விளக்கம் தேவைப்படும். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் அது. எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு, எந்த மதிப்பெண்ணோடு இடங்கள் நிரம்பின என்பது இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய தகவல். ஆகவே ஒரு துறையில் சேர்ந்த மாணவர் தம் கட்-ஆஃபைச் சொல்வது, பல வேளைகளில் தம் சாதிச் சான்றிதழை நீட்டுவதற்குச் சமம்.

இது எங்கள் மிகையுணர்ச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023 பிப்ரவரி 12 அன்று மும்பை ஐஐடியின் முதலாமாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி உயிரிழந்தார். சாதிப் பாகுபாடே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். நேரடிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான சான்று இல்லை என்றது நிறுவனத்தின் உள்விசாரணைக் குழு. ஆனால் அதே ஆண்டின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட பாகுபாட்டுத் தடுப்பு வழிகாட்டுதல், சக மாணவரின் ஜேஇஇ தரவரிசையையோ கேட் மதிப்பெண்ணையோ, சாதியை வெளிப்படுத்தக்கூடிய வேறெந்தத் தகவலையோ கேட்பது முறையற்றது என்றது. தரவரிசை பற்றிய கேள்வி சாதி பற்றிய கேள்விதான் என்று நாட்டின் முதன்மையான நிறுவனம் ஒன்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

மாநிலத்தின் வடமாவட்டம் ஒன்றிலுள்ள பொறியியல் கல்லூரியில், இரண்டாமாண்டு முதல் இறுதியாண்டு வரை மாணவ வழிகாட்டிகளாக இருந்த தலித் மாணவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அறிமுக வாரத்தில் ஒரு மாணவ வழிகாட்டி என்ன செய்கிறார், என்ன செய்ய வேண்டும், எது அவருடைய வேலை அன்று என்பதைச் சொல்வதே நோக்கம். நாங்கள் செய்த தவறுகளும் இதில் அடங்கும்.

முதலில் ஏற்பாட்டைப் பற்றி. தொழில்நுட்பக் கல்லூரிகளில் புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்தப்பட வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்னும் பெயரில் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டு இதை எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரித்தது. (சமஸ்கிருதத்தில் பெயர் வைத்தால்தான் மாணவர்கள் இயல்பாக உணர்வார்கள் என்று எவரோ கருதியிருக்கிறார்கள்.) மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியரையும் மூத்த மாணவர்களையும் பொறுப்பாக்குவது இதன் மையம். நடைமுறையில் மூன்று வாரம் ஒரு வாரமாகச் சுருங்கும். அந்த ஒரு வாரத்திலும் பாதி, விருந்தினர் உரைகளில் போய்விடும். ஆசிரியருக்கு நேரமிருக்காது. எஞ்சுவது மூத்த மாணவர்தான்.

தலித் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகளில், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாத காலத்திலேயே, புதிதாக வந்த தம்பிக்கு உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும், பேருந்து வழித்தடம் சொன்னதும், முதல் மாத உணவுக்குக் கடன் கொடுத்ததும் அறையிலிருந்த அண்ணன்கள்தாம். எங்களுக்கு முந்தைய தலைமுறையில் பட்டம் பெற்ற எவரைக் கேட்டாலும் அப்படி ஓர் அண்ணனின் பெயரைச் சொல்வார்கள். கல்லூரி இப்போது அதே வேலைக்கு ஓர் அடையாள அட்டையும் சட்டையும் கொடுத்திருக்கிறது.

ஒலிபெருக்கியில் நாங்கள் செய்த தவறு

எங்கள் முதல் ஆண்டுப் பணியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அறிமுக வாரத்தின் இரண்டாம் நாள் உதவித்தொகை பற்றிய விளக்கம். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்கிறது 2012இல் வந்த அரசாணை 92. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த ஆணையைப் பற்றி எங்களில் இருவருக்குச் சேரும்போது எவரும் சொல்லவில்லை. முதல் பருவக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டியவர்கள் நாங்கள். அந்த ஆற்றாமையில், எவரும் விடுபட்டுவிடக் கூடாது என்னும் வேகத்தில், ஒலிபெருக்கியை வாங்கி அறிவித்தோம்: “அரசாணை 92 மாணவர்கள் எல்லோரும் இடதுபக்கம் வந்து வரிசையில் நில்லுங்கள்.”

அரங்கில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முதலில் ஒருவரும் எழவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து சிலர் எழுந்து, தலையைக் குனிந்தபடி, சுவரோரமாக நடந்து வந்தார்கள். மீதிப்பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் எங்களிடம் கொடுத்திருந்த பட்டியலில் இருந்த பெயர்களில் பாதிகூட அந்த வரிசைக்கு வரவில்லை. அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்திருக்கவே கூடாது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

வராதவர்களில் ஒரு மாணவி, அக்டோபரில், வேறு ஏதோ பேச்சின் நடுவே எங்களிடம் சொன்னார்: “அம்மாவோட கம்மலை வெச்சுதான் பீஸ் கட்டினோம், அக்கா.” அன்று அரங்கில் இருந்தாயா என்று கேட்டோம். இருந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு அன்று காலைதான் பழக்கமாகியிருந்ததாம். அந்த நட்பு ஒருநாளாவது இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

இதற்குப் பின்னர் நாங்கள் செய்த மாற்றம் சிறியது. ஆனால் இந்தக் கட்டுரையில் பிற கல்லூரிகளின் வழிகாட்டிகள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதேனும் இருந்தால் அது இதுதான். உதவித்தொகைக்கென்று தனி வரிசை, தனி நேரம், தனி அறிவிப்பு எதுவும் வைப்பதில்லை. ஒரே தாளின் இரு பக்கங்களிலும் எல்லாத் திட்டங்களையும் தமிழில் எழுதி, வந்திருக்கும் எல்லோர் கையிலும் கொடுத்தோம். அரசாணை 92, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் கட்டணச் சலுகை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள், பேருந்துச் சலுகை அட்டை, வங்கிக் கணக்கு, எல்லாம் அதில் இருந்தன. உதவி மேசையை அரங்கிலிருந்து நூலகத் தாழ்வாரத்துக்கு மாற்றி, பேருந்து அட்டை, விடுதி, வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஒரே மேசையாக ஆக்கினோம். அந்த வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. மேசையில் இருப்பவர் பெயர் கேட்பதில்லை. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்வார்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தத் தாள் எதற்கு, வீண் செலவு என்றார் ஓர் ஆசிரியர். அந்த வீண் செலவில்தான், பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நெசவாளி ஒருவரின் மகன் தமக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டென்று அறிந்தார்.

தாளில் எழுதியிருப்பதைச் செயலாக்குவது வேறு வேலை. வருமானச் சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று நிலைகளைக் கடந்து வர வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கணக்கு இருப்பதும் இணைக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல என்பது பல மாணவர்களுக்குப் பணம் வராமல் போன பிறகுதான் தெரிகிறது. யூமிஸ் எண்ணைக் கல்லூரிதான் உருவாக்க வேண்டும். அதை உருவாக்கும் எழுத்தர் விடுப்பில் இருப்பார். இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறினாலும் ஓராண்டு உதவித்தொகை நின்றுபோகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2021–22 முதல் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருகிறது. அதை மாணவர் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். ‘உங்கள் கணக்குக்குத்தான் வரப்போகிறதே, இப்போது நீங்கள் கட்டிவிடுங்கள்’ என்று கேட்பதற்கு இது கல்லூரிகளுக்கு வசதியான காரணமாகிவிட்டது. முன்பணம் கட்டாமல் சேருவதற்கான ‘ஃப்ரீஷிப் கார்டு’ முறை மத்திய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது என்பதை முதல் நாளில் மஞ்சப்பையில் சான்றிதழ்களோடு வந்து நிற்கும் தந்தைக்கு எவர் சொல்வது? அவர் கட்டண முகப்பின் முன்னால் நின்று கெஞ்சத் தொடங்குவதற்கு முன்பு, “அப்பா, கொஞ்சம் உட்காருங்க, இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்க” என்று சொல்வது ஒரு மாணவ வழிகாட்டி செய்யக்கூடிய மிக உருப்படியான காரியம்.

கட்டணம் என்பது எவ்வளவு மெல்லிய இழை என்பதை 2024இல் நாடே பார்த்தது. உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்தை, 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் இணையத்தில் செலுத்த முடியாததால் இழந்தார். அந்த இடத்தைத் திரும்பப் பெற உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அரசமைப்பின் 142ஆம் பிரிவின் கீழ் 2024 செப்டம்பர் 30 அன்று அவரைச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றம் போக முடியாதவர்களின் எண்ணிக்கையை எவரும் எடுப்பதில்லை.

சேர்ந்தபின் வெளியேறுவோரின் எண்ணிக்கை ஓரளவுக்கு இருக்கிறது. முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர் இடைநின்றதாக 2023 டிசம்பரில் மக்களவையில் ஒன்றிய அரசு தெரிவித்தது. ஐஐடிகளில் மட்டும் பட்டியல் சாதியினர் 1,068 பேர். வேறு படிப்புக்கு மாறிச் செல்வதும் உண்டு என்பது அரசின் விளக்கம். உண்டுதான். எதனால் மாறினார்கள் என்று கேட்கப்பட்டதா என்பதே எங்கள் கேள்வி.

பெயருக்குப் பின் என்ன கேட்பது?

அறிமுக விளையாட்டுகளுக்கு வருவோம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொல்லும் சடங்கில் ‘ஊர், அப்பா, கட்-ஆஃப்’ மூன்றையும் நீக்கிவிட வேண்டும் என்று கேட்டோம். அப்படியானால் என்னதான் கேட்பது என்றார்கள். பிடித்த உணவைக் கேட்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். இந்த நாட்டில் உணவைக் கேட்பதும் சாதியைக் கேட்பதுதான் என்று விளக்க வேண்டியதாயிற்று. குலதெய்வம், குடும்பத் திருவிழா, வீட்டின் புகைப்படம், எதை எடுத்தாலும் அடியில் அது கிடக்கிறது. கடைசியில் நாங்கள் தேர்ந்தது மிக எளிய ஒன்று: இன்று காலை வாயிலிலிருந்து இந்த அறைக்கு வருவதற்குள் எத்தனை முறை வழி தவறினீர்கள்? எல்லோரும் தவறியிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

விளையாட்டைத் திருத்துவது எளிது. ஆசிரியரைத் திருத்துவது அப்படியன்று. வகுப்பில் ‘கோட்டாவில் வந்தவர்கள் கைதூக்குங்கள்’ என்று ஒருவர் சொன்னதாக ஒரு மாணவர் எங்களிடம் வந்தார். எங்கள் முதல் பதில் தவறானது. “பெரிசா எடுத்துக்காத தம்பி, படிச்சுக் காட்டு” என்றோம். எங்களுக்கும் எங்கள் மூத்தவர்கள் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அதில் அன்பு இருந்தது. ஆனால் அவமதித்தவரை விட்டுவிட்டு, அவமதிக்கப்பட்டவர்மீது இன்னொரு தேர்வைச் சுமத்தும் அறிவுரை அது. அவர் நன்றாகப் படிக்காவிட்டால் அந்தக் கேள்வி நியாயமாகிவிடுமா?

சொல்லியிருக்க வேண்டியது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள், வகுப்பில் மாணவர்களின் சாதியை அறிவிப்பதையும் அவர்களை ‘இடஒதுக்கீட்டுப் பிரிவு’ என்று முத்திரை குத்துவதையும் பாகுபாடென்று பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. பகடிவதைத் தடுப்பு விதிமுறைகளில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், சாதியின் பெயரால் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதையும் பகடிவதை என்றே வரையறுக்கிறது. பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இன் கீழ் குற்றம். இவற்றை அந்தத் தம்பி அன்றே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தமக்கு நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதை அறிவது அவரது உரிமை. புகார் எழுதுவதா வேண்டாமா என்பது அவரது முடிவு. எழுத விரும்பினால் உடன் சென்று, ஒப்புகைச் சீட்டு வாங்கும்வரை நிற்பது வழிகாட்டியின் வேலை.

வழிகாட்டிகளாக எவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும், ‘அரியர்’ இருக்கக் கூடாது என்பவைதாம் வழக்கமான தகுதிகள். தமிழ்வழியில் படித்து வந்து, முதல் பருவக் கணிதத்தில் தோற்று, இரண்டாம் முறை எழுதித் தேறிய ஒருவரால்தான் அதே கணிதப் புத்தகத்தைப் பார்த்து மிரளும் புதிய மாணவருக்கு உருப்படியாக ஏதேனும் சொல்ல முடியும். அவருக்கு அடையாள அட்டை கிடையாது. இதையும் மீறி ஓரிரு தலித் மாணவர்கள் உள்ளே வந்துவிட்டால், ‘உங்க பசங்களை நீங்களே பாத்துக்குங்க’ என்று எல்லாத் தலித் மாணவர்களையும் அவர்களிடமே தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. 2007இல் தில்லி எய்ம்ஸ் பற்றி அறிக்கை தந்த தோரட் குழு, விடுதியிலும் உணவுக் கூடத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தனியே ஒதுங்கி வாழ நேர்ந்ததைப் பதிவுசெய்தது. அக்கறை என்னும் பெயரில் முதல் வாரத்திலேயே அப்படி ஓர் ஒதுக்கலுக்கு நாங்களே அடித்தளம் போட்டுவிடக் கூடாது. எங்கள் குழுக்களில் எல்லாச் சாதி மாணவர்களும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். கையில் வண்ணக் கயிறு கட்டி வரும் தம்பியும் எங்களிடம்தான் கழிப்பறைக்கு வழி கேட்டுப் பழக வேண்டும்.

எங்களால் முடியாததும் இருக்கிறது. வழிகாட்டி என்பவர் பத்தொன்பது, இருபது வயதுள்ள மாணவர். அவருக்கும் அடுத்த வாரம் தேர்வு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அழைத்து, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லும் இளையவரைத் தனியாகத் தாங்கும் பயிற்சி அவருக்கு இல்லை. எங்களில் ஒருவர் அப்படி ஓர் இரவு முழுவதும் விடுதி மாடிப்படியில் ஒரு தம்பியோடு உட்கார்ந்திருந்தார். காலையில் அவரைப் பெற்றோரிடமும் மனநல மருத்துவரிடமும் ஒப்படைத்த பிறகு, இவர் இரண்டு வாரம் தூங்கவில்லை. கல்லூரியில் முழுநேர உளநல ஆலோசகர் இல்லை. இருக்க வேண்டிய ஆலோசகர், இருக்க வேண்டிய சம வாய்ப்பு மையம், இருக்க வேண்டிய அலுவலர் ஆகிய மூன்று காலியிடங்களையும் ஊதியமில்லாத ஒரு மாணவரைக் கொண்டு நிரப்பிவிட்டு, ‘எங்களிடம் சிறந்த வழிகாட்டுத் திட்டம் இருக்கிறது’ என்று தரமதிப்பீட்டுக் குழுவுக்கு அறிக்கை எழுதுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த அறிக்கையில் எங்கள் புகைப்படமும் இருந்தது.

இவ்வாண்டு புதிய வழிகாட்டிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது தாளை ஒருமுறை சேர்ந்து திருத்தினோம். யூமிஸ் பற்றிய பகுதி நீண்டது. ஃப்ரீஷிப் கார்டு பற்றிய வரி தடித்த எழுத்துக்கு மாறியது. பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்ப்பதற்காக முதன்மைக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகைக்குப் போனோம். அங்கே எழுதியிருந்த பெயர், ஓய்வுபெற்றுச் சென்றுவிட்ட பேராசிரியருடையது. புதிய அலுவலர் எவர் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். விடை வரும்வரை தாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘கேட்ட தேதி’ என்று மட்டும் அதன் கீழே அச்சிட்டிருக்கிறோம்.